உபதேசியாருக்கு எதிராக நான் சொன்ன சாட்சி

குன்னூர்
ஞாயிற்றுக்கிழமை பகல்

அன்பு ஜோயல்,

போன செவ்வாய்க்கிழமை நீ போனில் சொன்ன ஒரு சொல்தான் என்னை இப்படிப் பேப்பரும் பேனாவுமாக உட்கார வைத்திருக்கிறது. கல்யாணத்தைக் குன்னூரில் நம் கோயிலிலேயே வைத்துக்கொள்ளலாம் என்று பெனிட்டா ஆசைப்பட்டாளாம். பெங்களூரில் எந்தக் கோயிலானாலும் சரி, அது மட்டும் வேண்டாம் என்று நீ சொல்லிவிட்டாயாம். என்னிடமும் அதையேதான் சொன்னாய். "மாசிலாமணி உபதேசியாரைத் துரத்தின சபைக்கு முன்னாடி நான் முழங்கால் போட மாட்டேம்ப்பா." நானும் வழக்கம்போல, "சரி கண்ணு, உன் இஷ்டம்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். உன் அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "இன்னைக்காவது சொன்னீங்களா?" என்று கேட்டாள். இல்லையென்று தலையாட்டினேன். அவள் உள்ளே போய்விட்டாள்.

கல்யாணத்தை எங்கே வேண்டுமானாலும் வை. உன் மனதை மாற்றுவதற்காக நான் இதை எழுதவில்லை. ஆனால் அந்தக் கோயிலை வேண்டாம் என்பதற்கு நீ வைத்திருக்கிற காரணத்தில் பாதிதான் உனக்குத் தெரியும். மறுபாதியைப் பதினாறு வருடமாக நான் மறைத்து வைத்திருக்கிறேன்.

மாசிலாமணியைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. போதகர் பங்களாவில் இருப்பார், மாசிலாமணி மழையில் இருப்பார் என்று அம்மா அந்தக் காலத்தில் சொல்வாள். இலங்கைத் தோட்டத்திலிருந்து சின்ன வயதில் பெற்றோரோடு திரும்பி வந்தவர். தேநீரைக் கடைசிவரை 'தேத்தண்ணி' என்றுதான் சொன்னார். போதகருக்குக் கீழே உபதேசியாராக, கோயிலுக்குப் பின்னால் இருந்த இரண்டு அறை வீட்டில் மனைவியோடும் மகளோடும் இருந்துகொண்டு, எஸ்டேட் எஸ்டேட்டாக நடந்துபோய், நோயாளிகளுக்கு ஜெபம்பண்ணி, பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்து, சாவு வீட்டில் முதல் ஆளாக நின்றவர். உனக்கு ஆர்மோனியம் கற்றுக்கொடுத்ததும் அவர்தான். சனிக்கிழமை மத்தியானம் நீ சாப்பிட்ட கை ஈரம் காய்வதற்குள் அந்த வீட்டுக்கு ஓடிவிடுவாய். என்னிடம் நீ அப்படி ஓடி வந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. இதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நான் செய்ததில் இதற்கும் பங்கு இருக்கிறது.

நான் அப்போது சபை நிர்வாகத்தைக் கவனிக்கிற சேகரக் கமிட்டிக்குச் செயலாளர். அருவங்காட்டு ஃபேக்டரியில் பரிசோதனைப் பிரிவில் வேலை. என் கையெழுத்து இல்லாமல் ஒரு பெட்டி வெளியே போகாது. கண்ணால் பார்க்காத எதற்கும் நான் கையெழுத்துப் போட்டதில்லை என்று உன்னிடமே எத்தனை தடவை பெருமையடித்திருக்கிறேன். ஃபேக்டரியில் அது உண்மை.

அந்த வருஷம் ஜூலை மழையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாம் கோயிலுக்குக் கொஞ்சம் தாமதமாகப் போனோம். இடதுபக்கம் மூன்றாவது பெஞ்சு நம்முடையது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். எங்கேயும் அப்படி எழுதி வைக்கவில்லை, ஆனால் எல்லோரும் அப்படித்தான் நினைத்தார்கள். அன்றைக்கு அதில் எஸ்டேட்டிலிருந்து வந்த நான்கு வயதான பெண்கள் ஈரச் சேலையோடு உட்கார்ந்திருந்தார்கள். நான் பக்கத்தில் போய் நின்றதுமே அவர்கள் எழுந்திருக்கப் பார்த்தார்கள். மாசிலாமணி பலிபீடத்துப் படியிலிருந்து இறங்கி வந்து, எல்லோருக்கும் கேட்கும்படி, "செக்ரட்டரி ஐயா, இன்னைக்கு நீங்க பின்னால உக்காருங்க. இவங்க இந்த மழையில நாலு மைல் நடந்து வந்திருக்காங்க" என்றார். குரலில் கொஞ்சமும் கோபமில்லை. நான் ஆறாவது பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். நீ என்னைப் பார்த்துச் சிரித்தாய். கேலியாகச் சிரிக்கவில்லை, அவர் செய்தது உனக்குப் பிடித்திருந்தது. அவ்வளவுதான். எனக்கு அன்றைய பிரசங்கம் ஒரு வார்த்தைகூடக் காதில் ஏறவில்லை.

மூன்று மாதம் கழித்து நடந்தது உனக்குத் தெரிந்ததுதான். போதகர் கோயம்புத்தூரில் ஒரு கூட்டத்துக்குப் போயிருந்ததால் மாசிலாமணி ஆராதனை நடத்தினார். பரமண்டல ஜெபத்தின் நடுவில் நின்றுவிட்டார். மறுபடியும் ஆரம்பித்தார், வார்த்தைகள் குழறின. பலிபீடத்துக்கு முன்னால் இருக்கும் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஏதோ முணுமுணுத்தார், பிறகு கால் மடங்கிப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். நமக்கு முன்னால் இருந்த யாரோ, "காலையிலயே போட்டுட்டு வந்துட்டானா" என்றார்கள். நீ எழுந்து அவரிடம் ஓடப் பார்த்தாய். நான் உன் சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தேன். மணியடிக்கிற கோயில்பிள்ளையும் இன்னொருவரும் அவரைப் பக்கத்தில் போதகர் அங்கி மாற்றுகிற வெஸ்ட்ரி அறைக்குள் கூட்டிப்போனார்கள். பாடகர் குழு ஒரு பாட்டைப் பாடி ஆராதனையை முடித்தது. அதன்பிறகு நீயும் நானும் ஒரே குடையில் நேராக வீட்டுக்கு வந்தோம். இதை மறக்காமல் வைத்துக்கொள். நேராக வீட்டுக்கு வந்தோம்.

புதன்கிழமை கமிட்டி கூடியது. அவரைப் பிடிக்காதவர்கள் அதில் இருந்தார்கள். எஸ்டேட் ஜனங்களை அவர் தூக்கி வைத்துப் பேசுகிறார் என்பது அவர்களுடைய குறை. போதகர் நல்லவர்தான். "வதந்தியை வைத்து ஒரு ஊழியரை நான் நீக்க முடியாது. நேரில் பார்த்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?" என்று கேட்டார். யாரும் பேசவில்லை. அந்த அமைதி இன்னும் கொஞ்சம் நீண்டிருந்தால் பேச்சு வேறு விஷயத்துக்குப் போயிருக்கும். நான் சொன்னேன்: "ஆராதனை முடிஞ்சதும் நான் வெஸ்ட்ரிக்குப் போனேனுங்க. பக்கத்துல நின்னேன். வாடை வந்துச்சு."

அவ்வளவுதான் ஜோயல். என்னை யாரும் தூண்டவில்லை, மிரட்டவில்லை. நான் பேசி முடித்தபோதுதான் நான் பேசியதே எனக்குத் தெரிந்தது என்று எழுதலாம்தான். அதுவும் பொய்யாகிவிடும். எனக்குத் தெரிந்தேதான் சொன்னேன்.

அவரை உள்ளே கூப்பிட்டார்கள். குடித்தீர்களா என்று கேட்டதற்கு, "இல்லீங்க" என்றார். செயலாளரே சாட்சி சொல்லியிருக்கிறார் என்றார்கள். அவர் என்னை ஒருதரம் பார்த்தார். "ஐயா சொன்னா நான் என்னத்தச் சொல்றது" என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார். அடுத்த வாரம் ஒரு டெம்போவில் சாமான்களை ஏற்றிக்கொண்டு கூடலூர்ப் பக்கம் போனார்கள். பாத்திரம் பண்டங்களை நீதான் கூடச் சுமந்தாய். திரும்பி வந்து என்னிடம், "அப்பா, கமிட்டியில என்னதாம்ப்பா நடந்துச்சு?" என்று கேட்டாய். பதினைந்து வயது உனக்கு. கண் வீங்கியிருந்தது. "எல்லாரும் சேர்ந்து முடிவு பண்ணிட்டாங்க கண்ணு. நான் ஒருத்தன் என்ன பண்றது?" என்றேன்.

அன்றிலிருந்து நீ கோயிலை விட்டு விலக ஆரம்பித்தாய். முதலில் பாடகர் குழு, பிறகு வாலிபர் கூட்டம், கல்லூரிக்குப் போனபின் ஞாயிற்றுக்கிழமையே இல்லாமல் போயிற்று. லீவில் வரும்போதெல்லாம் சாப்பாட்டு மேஜையில் சபையைத் திட்டினாய். கமிட்டி எலெக்ஷன் சண்டை, கோஷ்டி, யார் எந்தப் பெஞ்சில் என்கிற கௌரவம், எளியவனுக்கு ஒரு நீதி, வசதிப்பட்டவனுக்கு ஒரு நீதி. நீ சொன்ன குறைகள் எல்லாம் உண்மை. இன்றைக்கும் அவை அப்படியேதான் இருக்கின்றன. ஆனால் நானும் உன்னோடு சேர்ந்துகொண்டேனே, அதைத்தான் நினைக்க நினைக்கக் கூசுகிறது. "இந்தக் காலத்துல சபைன்னாலே இப்படித்தான் கண்ணு" என்று சொல்லிக்கொண்டு ரசத்தை ஊற்றிப் பிசைந்தேன். சபையை எவ்வளவு பலமாகத் திட்டினேனோ அவ்வளவுக்கு என் பெயர் அதற்குள் காணாமல் போயிற்று. நீயோ, அப்பாவும் நம் பக்கம்தான் என்று நம்பினாய். அந்த மேஜையில்தான் நீ என்னோடு மனம்விட்டுப் பேசினாய். அந்தப் பேச்சை இழக்க எனக்கு மனமில்லை. அதற்காகவே சொல்லாமல் இருந்துவிட்டேன்.

இத்தனை வருடமும் எனக்கு ஒரு ஆறுதல் இருந்தது. நான் பார்க்கவில்லைதான், ஆனாலும் அவர் குடித்திருக்கலாம் இல்லையா என்று நினைத்துக்கொள்வேன். போன வருஷம் அதுவும் போயிற்று. எனக்குச் சர்க்கரை என்பது உனக்குத் தெரியும். ஒருநாள் காலையில் மாத்திரையைப் போட்டுவிட்டு, சாப்பிடாமல் மார்க்கெட்டுக்குப் போய்விட்டேன். பஸ் ஸ்டாண்டில் கண் இருட்டியது. வேர்த்துக் கொட்டியது, கை நடுங்கியது. பக்கத்தில் நின்ற பெண்ணிடம் தண்ணீர் கேட்க வாயைத் திறந்தேன், நாக்கு என் சொல்லைக் கேட்கவில்லை. அவள் பையை இழுத்துக்கொண்டு நகர்ந்துவிட்டாள். கால் மடங்கி நடைமேடையில் உட்கார்ந்தேன். என் தலைக்குமேல் ஒருவர், "பார்க்க டீசண்டா இருக்காரு, காலங்காத்தால ஏத்திக்கிட்டாரே" என்றார். எனக்குக் காது நன்றாகக் கேட்டது. நான் அப்படியில்லை என்று சொல்லத்தான் முடியவில்லை. கடைசியில் டீக்கடைக்காரர் ஒருவர் வந்து முகத்தைப் பார்த்துவிட்டு, "சுகருங்களா?" என்று கேட்டு, ஒரு கை சர்க்கரையை வாயில் போட்டார்.

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. "ஏனுங்க, அவரு சம்சாரம் அந்த வாரம் நம்ம ஊட்டு வாசல்ல நின்னு அழுதாங்களே. எம்புருஷன் அந்த ஞாயித்துக்கிழமை பச்சைத்தண்ணி கூடக் குடிக்காம எஸ்டேட்டுக்கு ஜெபத்துக்குப் போயிட்டு வந்தாருன்னு எங்கிட்டச் சொன்னாங்க. நீங்க உள்ள உக்காந்து பேப்பர் படிச்சிட்டிருந்தீங்க" என்றாள். ஆமாம், எனக்கு அது கேட்டது. பேப்பரில் ஒரே பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர் நாடுகாணிக்குப் பக்கத்தில் மகள் ரூபி வீட்டில் இருக்கிறார் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டோம். அம்மாவும் கூட வந்தாள். கூடலூரில் பஸ் மாறிப் போய் இறங்கியபோது மழை சிணுங்கிக்கொண்டிருந்தது. இரண்டு பக்கமும் மிளகுக்கொடி ஏறிய மரங்கள், நடுவில் ஓட்டு வீடு. மாசிலாமணி முன்னால் நாற்காலியில் உட்கார்ந்து கால் விரல்களுக்கு மருந்து போட்டுக்கொண்டிருந்தார். இரண்டு விரல்கள் இல்லை. பல வருடச் சர்க்கரை எடுத்துக்கொண்டது. என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் போனார். நான் தடுத்தேன்.

"செக்ரட்டரி ஐயாங்களா? இவ்வளவு தூரம் வந்திருக்கீங்க. ரூபி, தேத்தண்ணி போடும்மா."

நான் தேநீர் வரும்வரை காத்திருக்கவில்லை. நின்றபடியே சொன்னேன். வெஸ்ட்ரிக்கு நான் வரவில்லை, வாடை எதுவும் எனக்குத் தெரியாது, பொய் சொன்னேன், அந்த மூன்றாவது பெஞ்சுக்காகச் சொன்னேன். அவர் மருந்துக் குப்பியை மூடிக் கீழே வைத்தார்.

"தெரியுமுங்க" என்றார். "வெஸ்ட்ரியில எனக்கு நெனவு தெளிஞ்சப்ப கோயில்பிள்ளை மட்டுந்தான் இருந்தாரு. நீங்க வரவே இல்லீங்களே."

"அப்புறம் ஏனுங்க அன்னைக்குச் சொல்லல?"

"யாரு கேட்டாங்க?"

அவர் குரலில் குற்றச்சாட்டு இல்லை. நான் வெஸ்ட்ரிக்கு வந்தேனா என்று அவரிடம் யாரும் கேட்கவில்லை, அதைத்தான் சொன்னார். ரூபி கதவருகே நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். உனக்கு அக்கா மாதிரி இருந்தவள், இப்போது தலை நரைக்கத் தொடங்கியிருக்கிறது. தேநீரை அம்மா கையில் கொடுத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"குடிகாரன் பொண்டாட்டின்னு பேசுவாங்கன்னு எங்கம்மா சாகுற வரைக்கும் எந்தக் கோயில் வாசப்படியும் மிதிக்கல. ஞாயித்துக்கிழமை ஆனா கதவைச் சாத்திக்குவாங்க. நீங்க எங்க ஊட்டுல வந்து மெதுவாச் சொல்லிட்டுப் போனா உங்களுக்கு மனசு லேசாயிரும். எங்களுக்கு என்ன ஆகும்? எங்க சொன்னீங்களோ அங்க போய்ச் சொல்லுங்க."

"ரூபி" என்றார் மாசிலாமணி.

"இல்லப்பா. சொல்லட்டும்."

"சொல்றேம்மா" என்றேன். கிளம்பும்போது அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். மன்னித்தேன் என்று சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கேட்பதற்கு எனக்கு என்ன இருக்கிறது. "ஜோயல் தம்பி இன்னும் வாசிக்குதுங்களா?" என்று மட்டும் கேட்டார். நீ வாசிப்பதை நிறுத்திப் பதினாறு வருடமாகிறது என்று அம்மாதான் சொன்னாள். அவர், "விரல் நல்லா ஓடும் தம்பிக்கு" என்றார்.

இப்போதிருக்கிற போதகர் இளைஞர். அவரிடம் போய், அறிவிப்பு நேரத்தில் எனக்கு இரண்டு நிமிஷம் வேண்டும் என்றேன். விஷயத்தைக் கேட்டுவிட்டு நெளிந்தார். "ஐயா, பழைய கதை. அந்தக் கமிட்டியில இருந்தவங்க பாதிப்பேரு இன்னைக்கு இல்ல. எலெக்ஷன் வேற வருது. இதை எந்தக் கோஷ்டியாவது கையில எடுத்துக்குவாங்க. நாம தனியா ஜெபம்பண்ணி முடிச்சிக்கலாமே" என்றார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. சபையைப் பற்றி நாம் மேஜையில் பேசியதெல்லாம் நாக்கு நுனிக்கு வந்தது. அப்புறம்தான் தோன்றியது, இன்றைக்கும் நான் அவரைத் திட்டிவிட்டு வீட்டுக்கு வந்தால், சொல்லாமல் இருப்பதற்கு எனக்கு இன்னொரு காரணம் கிடைத்துவிடும். மூன்று வாரம் திரும்பத் திரும்பப் போனேன். நாலாவது வாரம் சரியென்றார்.

எழுதி எடுத்துப்போன தாளைப் பையிலேயே வைத்துவிட்டேன். வாயால் சொன்னேன். மாசிலாமணி உபதேசியார் குடிக்கவில்லை, அவருக்கு அன்று உடம்பு முடியவில்லை, நான் பொய்ச்சாட்சி சொன்னேன், அதனால் அவர் வேலையும் வீடும் இழந்தார், அவர் மனைவி அந்த அவமானத்தோடு செத்துப்போனார். இதைச் செய்தது நான் என்றேன். கமிட்டியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. முன்வரிசையில் ஒருவர் எழுந்து வெளியே போனார். ஆராதனை முடிந்ததும் என்னிடம் யாரும் வரவில்லை. எதற்கு இந்த வயதில் இந்த விளம்பரம் என்று வெளியே பேசிக்கொண்டார்கள். அன்று அந்தப் பெஞ்சில் உட்கார்ந்த நான்கு பெண்களில் ஒருவர் மட்டும்தான் இன்னும் இருக்கிறார். அவர் அம்மாவின் பக்கத்தில் வந்து, "அவருகிட்டப் போய் ஆராச்சும் சொன்னாங்களா?" என்று கேட்டார். அம்மா போனை எடுத்து ரூபிக்குப் போட்டு அவர் கையில் கொடுத்தாள். அந்தம்மா கோயில் வாசலில் நின்றுகொண்டு, நடந்ததை ஒன்று விடாமல் ரூபிக்குச் சொன்னார். ரூபி என்ன பதில் சொன்னாள் என்று நான் கேட்கவில்லை. அது அவளுடையது.

இது நடந்து ஒரு மாதமாகிறது. அவரிடம் சொல்லிவிட்டேன், சபையிலும் சொல்லிவிட்டேன். உன்னிடம் சொல்வதற்குத்தான் தைரியம் வரவில்லை. அவர்களிடம் நான் இழப்பதற்கு மரியாதை மட்டும்தான் இருந்தது. உன்னிடம் அப்படி இல்லை. நீ போனில் "சாப்பிட்டீங்களாப்பா" என்று கேட்கிற அந்தக் குரல் மாறிவிடுமோ என்று பயம். சாயங்காலம் மூடுபனி இறங்கி எதிர்வீடு தெரியாமல் போகும்போது, நீ ஸ்வெட்டர் கைகளை இழுத்து விரல்களை மறைத்துக்கொண்டு அந்தப் பனிக்குள்ளிருந்து வருவாயே, அந்த நேரத்தில் இன்னும் ஜன்னலைப் பார்க்கிறேன். பெங்களூரிலிருந்து யாரும் அப்படி நடந்து வரமாட்டார்கள் என்று தெரிந்தும் பார்க்கிறேன்.

கல்யாணம் கட்டப்போகிறவனுக்கு அப்பா ஏதாவது சொல்ல வேண்டும் என்பார்கள். எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். வீட்டில் ஏதாவது தப்பு நடந்தால், எல்லோரும் சேர்ந்துதான் செய்தோம் என்று பெனிட்டாவிடம் சொல்லாதே. உன் பங்கு எவ்வளவு சின்னதானாலும் அதை உன் பெயரோடு சொல். அன்றைக்கே சொல்லிவிட்டால் ஒரு நாள் சண்டையோடு போகும். நான் பதினாறு வருடம் தள்ளிப்போட்டேன். அதில் மற்றவர்கள் வாழ்க்கை கழிந்துபோயிற்று, உன் வாழ்க்கையும் சேர்த்து.

சபையைப் பற்றி நீ என்ன முடிவு எடுத்தாலும் எனக்குச் சம்மதம். அங்கே கோபப்பட வேண்டியது நிறைய இருக்கிறது, அதற்கு நான் தடையில்லை. மாசிலாமணி விஷயத்தில் மட்டும் அந்தக் கோபத்தை அங்கிருந்து எடுத்துவிடு. அது என் மேல் வர வேண்டியது. ரூபியின் நம்பரை இந்தக் கடிதத்தின் பின்பக்கம் அம்மா எழுதியிருக்கிறாள். அவரைப் பார்க்கப் போவதென்றால் பெனிட்டாவைக் கூட்டிக்கொண்டு போ. நான் கூட வரவில்லை. அந்த வீட்டில் நீங்கள் பேசுவதற்கு நிறைய இருக்கும், நான் இருந்தால் இடைஞ்சல்.

அதன்பிறகு உனக்கு எப்போது தோன்றுகிறதோ அப்போது இங்கே வா. போனில் திட்டாதே கண்ணு, போனில் என்றால் நீ வைத்துவிடுவாய். நேரில் வந்து திட்டு. எவ்வளவு நேரமானாலும் நான் உட்கார்ந்து கேட்கிறேன்.

உன் அப்பா